விறைத்த விரலும் பிரேக்கும்

இருசக்கர வாகனம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கார்த்திகை கடந்ததும் மலைப் பக்கத்திலிருந்து வரும் கடிதங்கள் பெரும்பாலும் கையைப் பற்றியே பேசுகின்றன. இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டோம்.

தலைகுந்தாவிலிருந்து ஊட்டிக்கு வேலைக்குப் போகிறேன். காலை ஐந்தரைக்கே வண்டியை எடுத்தாக வேண்டும். புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிற நாட்களில் கம்பளி கிளவுஸ் இரண்டு ஜோடி, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டும் பார்த்துவிட்டேன். பாதி வழியிலேயே விரல் மரத்துப்போகிறது. இதைவிடத் தடிமனாக எங்கே கிடைக்கும் ஐயா?
*ஓட்டல் ஊழியர், தலைகுந்தா*

தடிமனைத் தேடாதீர்கள். உங்கள் கையைக் குளிர வைப்பது காற்று. கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கு நடுவே கொஞ்சம் காற்றை அசையாமல் பிடித்து வைத்து, கையின் சூடு வெளியே போகாமல் காக்கிறது, அவ்வளவுதான். வண்டி நாற்பதில் போகும்போது எதிர்க்காற்று பின்னலின் துளை வழியாகப் புகுந்து அந்த வெதுவெதுப்பான காற்றைத் துரத்திவிடுகிறது. சன்னலைத் திறந்து போட்டுவிட்டு இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு படுத்த கதைதான் இது. இரண்டாவது ஜோடி இன்னொரு கெடுதலும் செய்கிறது. உள்ளே இருக்கும் கம்பளியை நசுக்கி, விரலையும் இறுக்குகிறது. இறுகிய விரலுக்கு ரத்தம் குறைவாகத்தான் போகும்.

காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதற்கு வானிலைக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. வெப்பநிலை 5 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் அது உடம்புக்கு 1 டிகிரி போல இருக்கும். 40-ல் பூஜ்யத்துக்குக் கீழே 1. 60-ல் பூஜ்யத்துக்குக் கீழே 2. இது முகத்தின் தோலை வைத்துப் போட்ட கணக்கு என்றாலும், வெறும் கைக்கும் நிலைமை இதுதான். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பெரிய இறக்கம் முதல் இருபது கிலோமீட்டரிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதனால் மெதுவாகப் போனால் கை குளிராது என்ற நம்பிக்கை அதிகம் பலிக்காது. காற்றைத் தடுப்பது ஒன்றுதான் வழி. தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும் காலையில் வெப்பநிலை பூஜ்யத்தையே தொடும். அப்போது நாற்பதில் போனால் கையில் படுவது பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரி அளவுக்கான குளிர்.

ஆகவே வரிசை இப்படி: முதலில் காற்று புகாத வெளித்தோல், அடுத்து ஈரம் சேராமல் இருப்பது, மூன்றாவதாகத்தான் உள்ளே கதகதப்பு. பெரும்பாலானவர்கள் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறார்கள். கடைக்காரரும் உள்ளே விரலை விட்டுப் பஞ்சின் மென்மையைத்தான் காட்டுகிறார்.

கடையில் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். கையுறையின் மணிக்கட்டு வாயை உதட்டில் வைத்து மூடி, உள்ளே பலமாக ஊதுங்கள். இன்னொரு கையை விரல் பகுதியின் மேல் வைத்திருங்கள். மூச்சு வெளியே வந்து கையில் பட்டால் அது காற்றை நிறுத்தாது. விரல்களுக்கு இடையே உள்ள தையலில் மட்டும் லேசாகக் கசிந்தால் பரவாயில்லை. புறங்கைப் பகுதியில் வந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி மணிக்கட்டு. ஜெர்கின் கைக்கும் கையுறைக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் தோல் தெரிந்தால், எந்தக் கையுறையும் உதவாது. நாடி பார்க்கும் இடம் அது. ரத்தக்குழாய் தோலுக்கு வெகு அருகில் ஓடுகிறது. விரலுக்குப் போகும் ரத்தம் அங்கேயே குளிர்ந்துவிடும். நீண்ட கழுத்துள்ள கையுறை வாங்கி ஜெர்கின் கையை அதற்குள் விட்டு இறுக்குங்கள். அது கிடைக்கும்வரை பழைய கம்பளி சாக்ஸின் மேல்பகுதியை வெட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாலும் வித்தியாசம் தெரியும்.

நெஞ்சையும் மறந்துவிட வேண்டாம். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால், இதயத்தையும் ஈரலையும் காக்க உடம்பு முதலில் செய்கிற காரியம் கைகால் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பது. சட்டைக்கு மேல் மெல்லிய ஸ்வெட்டரோடு கிளம்புகிறவர் எவ்வளவு விலையில் கையுறை வாங்கினாலும் விரல் விறைக்கும். ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றி, கழுத்தில் ஒரு மஃப்ளரைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு உங்களுக்கு ஒரு யோசனை. கம்பளி ஒரு ஜோடி போதும், அதிலும் மெல்லியது. அதன் மேல் ஒரு அளவு பெரிதான, முழுத்தோலில் செய்த ரைடிங் கையுறை போடுங்கள். இரண்டு கம்பளியைவிட இது சூடாக இருக்கும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் வசதி மட்டும் அல்ல. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. விறைத்த விரல் பிரேக்கைத் தேடிப் பிடிக்க அரை விநாடி கூடுதலாக எடுத்தால், எட்டு மீட்டர் தாண்டித்தான் வண்டி வேகம் குறையத் தொடங்கும். மூடுபனியில் எதிரே திடீரென்று ஒரு காட்டெருமை நிற்கும் ஊரில் எட்டு மீட்டர் என்பது உயிர்.

நான் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். பள்ளி ஆசிரியை. சிறிய கை. கடையில் கிடைக்கிற குளிர் கிளவுஸ் எல்லாம் ஆண்கள் அளவு. விரல் நுனியில் தொளதொளவென்று நிற்கிறது. சிறியதைப் போட்டால் பிரேக் பிடிக்கும்போது இறுக்குகிறது. சரியான அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?
*ஆசிரியை, கோத்தகிரி*

கையை நீட்டி வைத்துக்கொண்டு அளவு பார்ப்பதுதான் கடையில் எல்லோரும் செய்வது. வண்டியில் நாம் கையை நீட்டிக்கொண்டு உட்காருவதில்லையே. கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, உங்கள் ஸ்கூட்டரிலேயே உட்காருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

இரண்டு பக்கமும் கைப்பிடியைப் பிடியுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கவட்டை இழுத்துப் பிடித்தால் சிறியது. பிரேக் லீவரை இரண்டு விரலால் மட்டும் இழுத்துப் பாருங்கள். விரலுக்கும் லீவருக்கும் நடுவே பஞ்சு மடிந்து சுருண்டால் பெரியது, அல்லது உள்ளங்கையில் தேவைக்கு மேல் அடைத்திருக்கிறார்கள். நன்றாகச் செய்த கையுறையில் பஞ்சு புறங்கையில்தான் அதிகம் இருக்கும், உள்ளங்கையில் மெல்லிய அடுக்கு மட்டுமே. காற்று அடிப்பது புறங்கையில், பிடி தேவைப்படுவது உள்ளங்கையில். உள்ளங்கை தடித்தால் கைப்பிடியே பருத்துவிட்டது போலாகி, முன்கை சீக்கிரம் வலிக்கத் தொடங்கும்.

அடுத்து, பார்க்காமலேயே இண்டிகேட்டரைப் போட்டு அணையுங்கள். ஹாரனை அடியுங்கள். சாவியை எடுத்து, திரும்பச் செருகுங்கள். இதெல்லாம் முடிகிறதா என்று பார்த்தபின் விரல் நுனியைக் கவனியுங்கள். கைப்பிடியைப் பிடித்த நிலையில் நுனியில் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு இடம் இருந்தால் போதும். அங்கே நிற்கும் காற்றும் சூடு காக்கும். நுனி முட்டினால் அந்த விரல்தான் முதலில் குளிரும்.

விரல்கள் ஏற்கெனவே சற்று வளைந்த வடிவில் தைக்கப்பட்டிருந்தால் விசேஷம். தட்டையாகத் தைத்ததில் ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் துணியோடு சண்டை போட வேண்டியிருக்கும். உங்கள் அளவு ஆண்கள் வரிசையில் கிடைக்காவிட்டால் பெண்களுக்கான அளவுகளைக் கேளுங்கள். உள்ளங்கை அகலம் ஒன்றாக இருந்தாலும் விரல் நீளமும் பருமனும் மாறும். இந்தியத் தயாரிப்பாளர்களும் இப்போது அந்த அளவுகளைப் போடுகிறார்கள். ஸ்கூட்டரில் முழங்காலுக்கு முன்னால் தடுப்பு இருப்பதுபோலக் கைக்கு எதுவும் இல்லை. கைப்பிடிக்கு முன்னால் மாட்டும் பிளாஸ்டிக் தடுப்பு பொருந்துகிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள். அது இருந்தால் மெல்லிய கையுறையே போதுமானதாகிவிடும்.

லெதர் நல்லதா, துணி நல்லதா? எங்கள் பக்கம் குளிரோடு மழையும் சேர்ந்தே வருகிறது. 'வாட்டர் ப்ரூஃப்' என்று எழுதியதை வாங்கியும் கை ஈரமாகிவிட்டது.
*வாசகர், குன்னூர்*

வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் விடாது. உங்களுக்கு ஈரம்தான் முதல் பிரச்சினை. தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். நனைந்த பஞ்சு என்பது கையைச் சுற்றி ஒரு குளிர்ந்த பட்டி.

அட்டையில் இருப்பதைக் கவனமாகப் படியுங்கள். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றால் தூறலைத் தாங்கும், அவ்வளவே. 'வாட்டர் ப்ரூஃப்' என்றால் வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே ஒரு சவ்வு இருக்க வேண்டும். கோர்டெக்ஸ் அந்த வகையில் பெயர் பெற்றது. வேறு பல பெயர்களிலும் வருகிறது. வியர்வை ஆவியாக வெளியே போகும், மழைத்துளி உள்ளே வராது. ஆனால் ஒன்று: சவ்வு உள்ளே கையைக் காப்பாற்றினாலும், வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிட்டால், அந்தத் தண்ணீர் காற்றில் ஆவியாகும்போது கையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கை நனையாமலே குளிரும். அதனால் வெளிப்பக்கம் தண்ணீர் உருண்டு ஓடும்படி இருக்க வேண்டும். அந்தப் பூச்சு நாளாவட்டத்தில் தேயும். கடையில் கிடைக்கும் ஸ்ப்ரேயை அவ்வப்போது அடித்துப் புதுப்பிக்கலாம்.

கை ஈரமானதற்கு இன்னொரு காரணம் இருக்கலாம். மழையில் ஜெர்கின் கையைக் கையுறைக்குள் விட்டிருந்தால், முழங்கையிலிருந்து வழியும் தண்ணீர் நேராக உள்ளேதான் இறங்கும். பனிக்கு உள்ளே விடுங்கள், கனமழைக்கு ரெயின்கோட்டின் கையை வெளியே இறக்கிவிடுங்கள்.

தோலா துணியா என்றால், விழுந்தால் தார்ச்சாலையில் தேய்வதைத் தாங்க நல்ல தோலுக்கு இணை குறைவு. காற்றும் புகாது. ஆட்டுத்தோல் மெல்லியது, வலுவானது, விரலோடு சேர்ந்து வளையும். தோல் தொழில் ஊர்களான ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் தோல் நனைந்தால் காய நேரமாகும், பராமரிப்பும் வேண்டும். குன்னூருக்கு நான் சொல்வது கலப்பு வகை: உள்ளங்கை தோல், புறங்கை துணி, நடுவில் சவ்வு.

எதை வாங்கினாலும், உள்ளங்கையின் அடிப்பகுதியில் வழுக்கும் கடினமான பட்டை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். விழும்போது யாரும் யோசித்து விழுவதில்லை, கை தானாக முன்னே ஊன்றும். உள்ளங்கை தரையில் கவ்விக்கொண்டால் அத்தனை விசையும் மணிக்கட்டுக்குப் போய், கட்டைவிரல் பக்கமுள்ள ஸ்கேஃபாய்டு என்ற சிறிய எலும்பு உடையும். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, சேர மாதக்கணக்கில் ஆகும். பனிச்சறுக்குக்கான கையுறைகள் சூடாக இருக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அவை பனியில் விழுவதற்குச் செய்யப்பட்டவை, தாரில் உரசுவதற்கு அல்ல. பைக் கையுறைக்கு ஐரோப்பாவில் ஈஎன் 13594 என்ற தரநிலை உண்டு. உள்ளே தைத்த லேபிளில் அந்த எண்ணும், 1 அல்லது 2 என்ற நிலையும் இருக்கும். 'கேபி' என்ற எழுத்துகளும் இருந்தால் விரல் முட்டிக்கான பாதுகாப்பும் சோதிக்கப்பட்டது என்று பொருள்.

ஆயிரக்கணக்கில் செலவு செய்ய முடியாது. விடியற்காலையில் பேப்பர் போடுகிறேன். கையில் பாலித்தீன் கவர் சுற்றிக்கொள்கிறேன், தப்பா?
*வாசகர், கொடைக்கானல்*

தப்பில்லை. பாலித்தீன் காற்றை முழுதாக நிறுத்துகிறது. நீங்களே அனுபவத்தில் கண்டுபிடித்தது சரியான விஷயம். அதன் குறைகள் இரண்டு: வழுக்கும், உள்ளே வியர்க்கும். கவரைக் கம்பளிக்கு வெளியே சுற்றினால் லீவர் வழுக்கும். அதற்குப் பதில் பாத்திரம் தேய்க்கப் பயன்படும் ரப்பர் கையுறையை ஒரு அளவு பெரிதாக வாங்கி, மெல்லிய கம்பளிக்கு மேல் மாட்டிக்கொள்ளுங்கள். பிடிப்பும் இருக்கும், காற்றும் மழையும் வராது. விழுந்தால் அது காப்பாற்றாது என்பதை மட்டும் மனத்தில் வைத்து நிதானமாக ஓட்டுங்கள்.

இன்னொன்று, கைப்பிடியின் மேலேயே மாட்டும் உறை. வட இந்தியாவில் குளிர்காலத்தில் ஸ்கூட்டர்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். ரெக்சின் வெளியே, ஃபிளீஸ் உள்ளே. லீவரும் கையும் சேர்ந்து அதற்குள் போய்விடும். பேப்பர் எடுக்க, மடிக்க, வீச என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கையை வெளியே எடுக்கும் உங்களுக்கு இதைவிட உகந்தது எதுவும் இல்லை, ஏனென்றால் உள்ளே மெல்லிய கையுறையே போதும். உங்கள் பக்கத்துத் தையல்காரரே தைத்துத் தருவார். இரண்டு விஷயம் சொல்லித் தைக்கச் சொல்லுங்கள்: வாய் அகலமாக, விறைப்பாக நிற்க வேண்டும், கை தடையின்றி உள்ளே போய் வர வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பினால் துணி எங்கும் மாட்டக்கூடாது, லீவரைத் தானாக அழுத்தவும் கூடாது.

குளிரில் வண்டி ஓட்டினால் எனக்கு இரண்டு விரல் மட்டும் சுண்ணாம்பு போல வெளுத்துவிடுகிறது. பிறகு நீலமாகி, வீட்டுக்கு வந்ததும் சிவந்து எரிகிறது. எந்த கிளவுஸும் கேட்கவில்லை.
*வாசகி, ஊட்டி*

அம்மா, இதைக் கையுறைக் கேள்வியாக வைத்துக்கொள்ள வேண்டாம். வெளுப்பு, நீலம், சிவப்பு என்ற இந்த வரிசையை மருத்துவர்கள் ரேனாட் என்று சொல்வார்கள். குளிர் பட்டதும் விரலின் சிறு ரத்தக்குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்குகின்றன. பெண்களுக்கு அதிகம் வரும். பலருக்கு வேறு நோய் எதுவும் இல்லாமலே இருக்கும். சிலருக்கு மூட்டு, தோல் சம்பந்தமான நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். மருத்துவரை ஒருமுறை பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்தால் அதையும் சொல்லுங்கள். அட்டினலால், புரோப்ரனலால் போன்றவை கை குளிர்வதைக் கூட்டக்கூடும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்றுவதை அவர் முடிவு செய்யட்டும். வீட்டில் யாராவது புகைபிடித்தால் அந்தப் புகையிலிருந்தும் விலகி இருங்கள். வண்டியின் அதிர்வும் இதைத் தூண்டும்.

வழியில் விரல் வெளுத்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். கையை அக்குளில் வைத்து அழுத்துங்கள், அல்லது தோளிலிருந்து கையை வேகமாகச் சுழற்றுங்கள். ரத்தம் நுனிக்கு ஓடும். சைலன்சரிலோ டீக்கடை அடுப்பிலோ காட்டவே காட்டாதீர்கள். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் போதும், அதையும் வேறொருவர் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

100 சிசி வண்டிக்குச் சூடாகும் கைப்பிடி மாட்டலாமா?
*வாசகர், கூடலூர்*

அவசரப்பட வேண்டாம். இந்த வண்டிகளில் பலவற்றில் பேட்டரி 12 வோல்ட், 3 ஆம்பியர்-மணி. சூடாகும் கைப்பிடி 30 வாட் எடுத்தால் அதுவே இரண்டரை ஆம்பியர். 2017 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது, அதுவும் மின்சாரத்தைத் தின்கிறது. மலைப்பாதையில் எஞ்சின் மெதுவாக ஓடும் நேரத்தில் சார்ஜ் போதாமல் பேட்டரி இறங்கிவிடும். பெரிய வண்டிக்கு நல்ல வசதிதான், அங்கும் சாவியோடு அணையும்படி ரிலே வைத்து மாட்ட வேண்டும். தவிர, கைப்பிடி சூடாக்குவது உள்ளங்கையை. காற்று அடிப்பது புறங்கையில். உங்கள் வண்டிக்கு மேலே சொன்ன கைப்பிடி உறையே அதிகப் பலன் தரும். தன் பேட்டரியிலேயே சூடாகும் கையுறைகளும் வந்திருக்கின்றன. வண்டி மின்சாரத்தைத் தொடாது, ஆனால் தினம் சார்ஜ் போட வேண்டும்.

நண்பர்கள் ஜூனில் லடாக் போகிறோம். கோடைதானே, சாதாரண கிளவுஸ் போதும் என்கிறான் ஒருவன்.
*வாசகர், திருச்சி*

லேயில் மதிய வெயிலில் அவர் சொல்வது சரியாகவே தோன்றும். அங்கிருந்து கர்துங்லா ஏறுங்கள். லே சுமார் 3500 மீட்டர், கணவாய் 5359 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்கு மேல் குறையும். மேலே ஜூனிலும் சாலையோரம் பனிச்சுவர் நிற்கும். மணாலிப் பாதையில் பனி உருகி ஓடும் ஓடைகள் சாலையைக் கடக்கின்றன. மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறும், காலையில் கடப்பதே நல்லது. அந்தத் தண்ணீர் கையில் தெறித்தால் திருச்சிக்காரருக்கு விரல் இருப்பதே மறந்துபோகும்.

ஒருவருக்கு இரண்டு ஜோடி கொண்டுபோங்கள். வெயிலுக்குக் காற்றோட்டமானது ஒன்று, கணவாய்க்கு நீண்ட கழுத்தும் சவ்வும் உள்ளது ஒன்று. கூடவே மெல்லிய பட்டு அல்லது கம்பளி உள்ளுறை. குளிர்க்கையுறை வாங்கும்போது விரல் நுனியில் உள் லைனிங்கைக் கிள்ளி இழுத்துப் பாருங்கள். வெளியே உருவிக்கொண்டு வந்தால் வாங்காதீர்கள். ஈரக்கையை எடுக்கும்போது லைனிங்கும் கூடவே வரும், பிறகு அந்தக் குளிரில் ஒவ்வொரு விரலாகத் திரும்ப நுழைப்பது பெரும் பாடு. உயர நோய்க்காக டயமாக்ஸ் எடுத்தால் விரல் நுனி குறுகுறுக்கும். அது அந்த மருந்தின் வழக்கமான விளைவு, குளிரில் விறைப்பது என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் விரல் வெளுத்து, தொட்டால் உணர்ச்சியே இல்லை என்றால் அது குளிர்தான், உடனே கீழே இறங்குங்கள்.

ஓசூரிலிருந்து தினமும் பெங்களூரு போகிறேன். எனக்குக் குளிர் கிளவுஸ் தேவையா?
*வாசகர், ஓசூர்*

தேவையில்லை. 15 டிகிரி காலையில் 60-ல் போனாலும் உடம்புக்கு 12 டிகிரி போலத்தான் இருக்கும். காற்று புகாத மெல்லிய ஆட்டுத்தோல் கையுறை போதும். தடித்தது போட்டால் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் உள்ளங்கை வியர்த்து நாறும். மாலையில் வீட்டுக்கு வந்ததும் உள்புறத்தை விரித்து நிழலில் காயப் போடுங்கள். தோலை வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைத்தால் விறைத்து வெடிக்கும். சில மாதத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் தோலுக்கான கிரீமைக் கொஞ்சமாகத் தேய்த்துவிடுங்கள். தையல் வரியை விட்டுவிடாதீர்கள், முதலில் பிரிவது அங்கேதான்.